நான்கு டிகிரி

ஜூன் 3, செவ்வாய்
பெட்டி: காலை 4°, மாலை 5°

இந்த வேலைக்கு வந்து இன்றோடு ஒரு வருடம். பதினேழு வருடம் தடுப்பூசிக் கிடங்கில் குளிர்பெட்டிகளோடு குடித்தனம் நடத்தியவனைத் தூக்கி, கண்காணிப்புத் திட்டம் என்று இங்கே போட்டபோது சுருக்கென்றுதான் இருந்தது. இப்போது பழகிவிட்டது.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஏதாவது நிமோனியா, மூளைக்காய்ச்சல் என்று சேர்ந்தால் அதன் ரத்தத்தையோ முதுகுத்தண்டு நீரையோ ஒரு குப்பியில் எடுத்து வைப்பார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் நான் அதை டவுன் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அங்கே ஜெசிந்தா மேடம் அதைத் தட்டில் பூசி வளர்த்து என்ன கிருமி என்று சொல்வார். நிமோனியா தடுப்பூசி வருவதற்கு முன்னால் மூன்று வருடம் இப்படி எண்ணியிருக்கிறார்கள். வந்த பிறகும் எண்ணுகிறார்கள். ஊசி வேலை செய்கிறதா என்று வேறெப்படித் தெரிந்துகொள்வது?

ஊசிக்கு முன்னால் வருடத்துக்கு இருபது, இருபத்திரண்டு பிள்ளைகளிடம் அந்தக் கிருமி. வந்த பிறகு பன்னிரண்டு, ஒன்பது, ஏழு. நான் வந்த இந்த ஒரு வருடத்தில் இருநூற்று மூன்று குப்பிகள் கொண்டுபோயிருக்கிறேன். கிருமி பூஜ்யம். திட்டத் தலைவர் டாக்டர் சௌந்தரபாண்டியன் போன வாரம் என் தோளைத் தட்டி, “நல்ல நேரத்துல வந்திருக்கீங்க அர்த்தநாரி” என்றார். ஊசியைப் பதினேழு வருடம் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எனக்கு முன்னால் இருந்த ஆள் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவானாம். கேட்டதும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. முதல் நாளே அதையெல்லாம் நிறுத்தினேன். இரவு முழுக்கத் தடுப்பூசி ஃபிரிட்ஜ், காலையில் ஐஸ் பெட்டி. இரண்டு டிகிரிக்குக் கீழே போனதில்லை, எட்டைத் தாண்டியதில்லை. ஏழரை மணிக்கு ஆய்வக வாசலில் பெட்டியைத் திறந்து, குப்பியை ஈரம் போகத் துடைத்து, ஜன்னலோர ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வருவேன். மேடம் ஒன்பதுக்கு வருவார். அவர் கைக்குப் போகும்போது சொட்டு ஈரம் இருக்காது.

டிகிரி எழுதிப் பழகிய கை. சொந்த நோட்டிலும் அதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டேன் என்கிறது.

ஜூன் 9, திங்கள்
பெட்டி: காலை 4°, மாலை 4°

ஆய்வகத்தில் ஆட்டு ரத்தம் தீர்ந்துவிட்டது. கிருமி வளர்க்கும் தட்டில் ஆட்டு ரத்தம் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் நிமோனியாக் கிருமி திரும்பிக்கூடப் பார்க்காது. வேறு யாராவதாக இருந்தால் கறிக்கடைக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள். மேடம் கால்நடை டாக்டரைக் கூட்டிக்கொண்டு தாமே பட்டிக்குப் போனார். பை தூக்க நானும் போனேன்.

டாக்டர் ரத்தம் எடுக்க, கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் அதை வாங்கி மேடம் குலுக்கத் தொடங்கினார். நிறுத்தினால் உறைந்துவிடும். பத்து நிமிடம் விடாமல் குலுக்க வேண்டும். நடுவில் வீட்டிலிருந்து போன். தோளுக்கும் காதுக்கும் இடையே போனை இடுக்கிக்கொண்டு, மகனின் கணக்குப் பாடத்துக்கு விடை சொல்லிக்கொண்டே குலுக்கினார். கை ஒரு தடவை நிற்கவில்லை. விடையும் சரி என்றே நினைக்கிறேன்.

பட்டிக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங் அம்மிணி, என்ற ஆட்டு ரத்தத்துல கிருமிய வளத்தி என்னுங் பண்றீங்க? கொல்றதுக்கு மருந்துதான வேணும்?”

“யாருன்னு தெரியாம யாரைக் கொல்லுதது, ஐயா? அவனுக்குப் பிடிச்ச சாப்பாட்டைப் போட்டாத்தான் வெளிய வருவான்” என்றார் மேடம்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. எனக்கு வயது நாற்பத்தாறு, அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். இந்த வயதில் ஒருவரைப் பார்த்து, வேலை என்றால் இப்படிச் செய்ய வேண்டும் என்று தோன்றுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் போடும் காபி மட்டும் வாயில் வைக்க முடியாது.

ஜூன் 12, வியாழன்
பெட்டி: காலை 5°, மாலை 5°

குப்பி இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் ஒழுகுகிறது.

ஜூன் 17, செவ்வாய்
பெட்டி: காலை 4°, மாலை 4°

நேற்று மாலை ஒன்றேகால் வயதுப் பெண்பிள்ளை, மகிழினி, கழுத்து விறைத்து வலிப்போடு வந்தது. தண்டுநீர் கலங்கலாக இருந்தது. பால் தெளித்த மாதிரி. இரவு முழுக்க நான்கு டிகிரியில் பத்திரமாக வைத்து இன்று காலை சேர்த்தேன்.

பத்தரை மணிக்கு மேடம் போன் செய்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிப் போனேன். மைக்ராஸ்கோப்பைக் காட்டி, “பாருங்க அண்ணாச்சி” என்றார். ஒரு வருடமாகச் சுமக்கிறேன், உள்ளே இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன். ஊதா நிறத்தில், நுனி கூர்மையாக, ஜோடி ஜோடியாக நின்றன. இத்தனை சின்னதா ஒரு பிள்ளையை அப்படி முறுக்கிப் போட்டது என்று கோபம் வந்தது.

“நம்ம ஆள்தான். நாளைக்குத் தட்டுல வந்துட்டா எந்த வகைன்னு சொல்லிரலாம். இதுல பல வகை இருக்கு, ஊசி சிலதத்தான் தடுக்கும். ஊசிக்குள்ள அடங்குற வகையா, வெளிய உள்ளதான்னு” என்றார். தட்டில் பூசி, ஜாடிக்குள் வைத்து, உள்ளே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி மூடினார். அது தானாக அணைந்தால் உள்ளிருக்கும் காற்று அந்தக் கிருமிக்குப் பிடித்த காற்றாகிவிடுமாம். நான் அணைகிற வரை நின்று பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்
பெட்டி: காலை 4°, மாலை 5°

தட்டில் ஒன்றுமே வரவில்லை. சுத்தமாக, சிவப்பாக, புதுச் சட்டைத் துணி மாதிரி இருக்கிறது.

மேடம் வெகுநேரம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஸ்லைடுல தெரியுது. தட்டுல வரல. இந்த ஒரு வருசத்துல இது நாலாவது” என்றார்.

இங்கே வருவதற்கு முன்பே வெளியில் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருப்பார்கள், அதில் கிருமி செத்திருக்கும் என்பது தலைவரின் கருத்து. மேடம் வார்டுக்கே வந்து மகிழினியின் அம்மாவிடம் கேட்டார். “ஒரு சொட்டு மருந்து குடுக்கலீங்க. நேரா இங்கதானுங்க தூக்கியாந்தோம்” என்றது அந்தப் பெண். பிள்ளை கண் திறந்துவிட்டது. ஸ்லைடைப் பார்த்ததுமே டாக்டர்கள் மருந்தை ஏற்றிவிட்டார்கள்.

பூஜ்யம் என்றால் எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். இவர் ஒருவர் மட்டும் பூஜ்யத்தைச் சந்தேகப்படுகிறார்.

ஜூன் 22, ஞாயிறு
பெட்டி: காலை 4°, மாலை 4°

லீவு நாளிலும் மேடம் ஆய்வகத்தில். காலையில் குப்பி கொண்டுபோனபோது தரையில் உட்கார்ந்து, வளர்ப்புப் பெட்டியின் வெப்பத்தை மூன்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைச் சோதித்துவிட்டார். ரத்தத்தைச் சோதித்துவிட்டார். ஆய்வகத்தில் வைத்திருக்கும் பழைய கிருமியை அதே தட்டில் போட்டால் பயிர் மாதிரி முளைக்கிறதாம்.

“தட்டு நல்லாத்தான் இருக்கு. அப்ப நான்தான் சரியில்ல” என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. “உங்க வேலைல குத்தம் சொல்ல முடியுமுங்களா மேடம்? என்ற பக்கமும் ஒரு கொறையும் இல்லீங்க. வெரல் நுனில புடிச்சுக் கொண்டாறனுங்க” என்றேன்.

“ஒங்க மேல எனக்குச் சந்தேகமே கெடையாது அண்ணாச்சி” என்று சிரித்தார்.

வீடு வரை அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டே வந்தேன். தெய்வானையிடமும் சொன்னேன். “அடேங்கப்பா, உங்களுக்குக் கலெக்டர் பட்டமே குடுத்தாப்புல நிக்கறீங்” என்று கேலி செய்தாள்.

ஜூன் 25, புதன்
பெட்டி: காலை 4°

ஆய்வகத்துக்கு எதிர்க் கடையில் மேடம் டீ வாங்கிக் கொடுத்தார். வடை ஆறிப்போயிருந்தது. பேச்சுவாக்கில் சொன்னார்: “ஆளை அடிச்சுப் போடுற கிருமிதான் அண்ணாச்சி. ஆனா ஒடம்ப விட்டு வெளிய வந்துட்டா சரியான நோஞ்சான். ஒரு ராத்திரி குளிருல வச்சாப் போதும், செத்துரும். செத்தது ஸ்லைடுல தெரியும், தட்டுல எந்திரிக்காது.”

நான் டீயைக் கீழே வைத்தேன். மீதியைக் குடித்தேனா என்று ஞாபகமில்லை.

தலைவலி. சீக்கிரம் படுக்க வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 27, வெள்ளி

திட்டக் கோப்பை எடுத்துப் படித்தேன். இங்கிலீஷில் பதினெட்டுப் பக்கம். ஆறாம் பக்கத்தில் குப்பிகளை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷே போதுமானதாக இருந்தது.

கடைசித் தாளில் பயிற்சி பெற்றவர்களின் பட்டியல். மூன்றாவதாக என் கையெழுத்து. பயிற்சி நடந்த அன்று நான் போலியோ முகாமில் இருந்தேன். மறுநாள் தாளை நீட்டினார்கள், போட்டேன். குளிர்ப்பெட்டி வேலையில் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஜூன் 30, திங்கள்

ஐஸ் பெட்டியைக் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்தேன். குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பெட்டி எங்கே என்று தெய்வானை கேட்டாள். கைப்பிடி உடைந்துவிட்டது என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

தட்டில் வந்துவிட்டது!

நேற்றுக் கொண்டுபோன குப்பி, இரண்டு வயதுப் பையனுடையது. மேடம் என்னையும் துப்புரவு அக்காவையும் வாட்ச்மேனையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்புத் தட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள், நடுவில் குழி, ஒவ்வொன்றைச் சுற்றியும் பச்சையாக ஒரு வளையம். பதிமூன்று மாதம் கழித்து. அவர் கண்ணில் நீர் நின்றது. ஒரு நோய்க் கிருமியைப் பார்த்து ஒரு மனுஷி இப்படிச் சந்தோஷப்பட முடியுமா என்று சிரிக்கலாம். பதிமூன்று மாதமாகத் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவரின் சந்தோஷம் அது.

“போன வாரம் வேற ஆட்டுல எடுத்த ரத்தந்தான் அண்ணாச்சி! பழைய ஆட்டுல ஏதோ கோளாறு இருந்திருக்கு” என்றார். ஊரிலிருந்து வந்த மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து முதலில் எனக்குத்தான் கொடுத்தார்.

வாயில் போட்டுக்கொண்டேன். கரைகிற பண்டம் அது. எனக்குக் கரையவில்லை.

ஜூலை 21, திங்கள்

இரண்டாவது ஒன்றும் தட்டில் வந்துவிட்டது. மூன்று வாரத்தில் இரண்டு.

டாக்டர் சௌந்தரபாண்டியன் நேரில் வந்தார். கெட்ட மனிதரல்ல. எண்ணைப் பார்த்தால் எண்ணைத்தான் நம்புவார். “ஒரு வருஷம் முழுக்க ஜீரோ. இப்ப திடீர்னு ரெண்டு. ஊசியோட பலன் குறையுதுன்னுதானே அர்த்தம்? ஆகஸ்ட் கூட்டத்துல நான் சொல்லியாகணும்” என்றார்.

மேடம், “ரெண்டை வச்சு அப்படிச் சொல்லிர முடியாது சார்” என்றார். “அப்ப அந்த ஜீரோவுக்கு என்ன சொல்லுறீங்க?” என்று அவர் கேட்டார்.

பதில் அதே அறையில்தான் நின்றுகொண்டிருந்தது, கையில் காலி ஸ்டாண்டை வைத்துக்கொண்டு.

ஜூலை 24, வியாழன்

வார்டில் செய்தி பரவிவிட்டது. யார் சொன்னார்களோ. ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்திருந்த ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனது. “ஊசி போட்டாலும் வருதாமுங்களே, அப்பறம் எதுக்குங்க கொழந்தைய அழுவ வெக்கோணும்?” என்று கேட்டது. நர்ஸ் கெஞ்சினாள். நானும் வாசல் வரை பின்னாலேயே போனேன். என்ன சொல்வது? ஊசி தோற்கவில்லை தாயி, தோற்றது நான்தான் என்றா?

சொல்லவில்லை. போய்விட்டது. பிள்ளைக்குப் பச்சைக் குல்லா.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மேடம் ஒரு உறையைக் கொடுத்து, தலைவர் அலுவலகத்தில் திங்கட்கிழமை சேர்க்கச் சொன்னார். ஒட்டவில்லை. “நீங்களும் படிக்கலாம் அண்ணாச்சி, ஒளிக்க ஒண்ணுமில்ல” என்றார்.

பஸ்ஸில் படித்தேன். போன வருடத்தின் பூஜ்யம் சரியான எண்ணாக இருக்க வாய்ப்பில்லை, ஆய்வகத்தில் தம்மால் கண்டுபிடிக்க முடியாத ஏதோ பிழை நடந்திருக்கிறது, அதற்கு முழுப் பொறுப்பும் தாமே, ஊசியின் மேல் பழி வரக்கூடாது என்பதால் இதை எழுதுவதாகவும், வேறு ஒருவரிடம் ஆய்வகத்தை ஒப்படைக்கச் சம்மதம் என்றும் எழுதியிருந்தார். நான்கே பத்தி. ஒரு இடத்தில்கூடத் தன்னிரக்கம் இல்லை.

உறை என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆற்றுக்குப் போய் வந்தோம். தெய்வானை தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, கட்டுச்சோறு பிரித்தவள், நான் உருண்டையைக் கையிலேயே வைத்திருப்பதைப் பார்த்தாள்.

“ஏனுங், ஒரு மாசமா மொகத்துல களையே இல்லீங். பெட்டிக் கைப்பிடி நல்லாத்தான் இருக்குதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங். என்னன்னு சொல்லிப்போடுங்க.”

சொன்னேன். ஃபிரிட்ஜ், பெட்டி, கையெழுத்து, உறை எல்லாம். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். ஒரு வருடமாக நான்தான் அந்தக் குப்பிகளில் இருந்ததையெல்லாம் கொன்று கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். தெரிந்த பிறகும் ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பயம். வேறு காரணமே இல்லை.

அவள் கட்டுச்சோற்றை மூடிவைத்தாள். “அந்தம்மா பட்டிக்குப் போயி ரத்தம் புடிச்சதச் சொல்லும்போது உங்க மொகம் எப்படி இருந்துச்சு தெரியுமுங்களா? அப்படிப்பட்டவங்க தலைல இதப் போட்டுட்டு உங்களால சோறு திங்க முடியுமா?”

“வேலைக்கு ஆபத்து வந்தா?”

“வந்தா வருது. ரெண்டு எருமை புடிச்சுக் கட்டிக்கலாமுங். மொதல்ல அந்த உருண்டையத் தின்னுங்க.”

ஆகஸ்ட் 4, திங்கள்

(நோட்டு கையில் இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்.)

ஒன்பது மணிக்கு உறையை மேடத்தின் மேசையிலேயே திருப்பி வைத்தேன். “இது போக வேண்டியதில்லீங்க” என்று ஆரம்பித்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

கையிலிருந்த, தட்டில் பூசும் கம்பியைத் தாங்கியில் வைத்தார். “ராத்திரி பூரா ஃபிரிட்ஜுலயா?”

“ஆமாங்க.”

“ஒரு வருசமா?”

“ஆமாங்க.”

“ஒரு வருசம், அண்ணாச்சி. ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு என் கையையே பாத்துக்கிட்டு இருப்பேன். எங்க வீட்டுக்காரர் நான் பைத்தியமாயிட்டேன்னு நெனச்சார்.” குரல் உயரவில்லை. எழுந்து குழாயடிக்குப் போய் கை கழுவினார். ஆய்வகத்துக்காரர்கள் வெகுநேரம் கழுவுவார்கள். இன்று அதைவிட நேரம் ஆனது. நான் நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தப் புள்ளைங்களுக்கு என்னால ஏதாச்சுங்க...” என்று கேட்க வாயெடுத்தேன்.

“இல்ல. ஸ்லைடையும் புள்ளையையும் பாத்துத்தான் மருந்து ஏத்துனாங்க. தட்டுக்காக யாரும் காத்திருக்கல. எல்லாப் புள்ளையும் வீட்டுக்குப் போயாச்சு.” கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் கேட்டதைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. “எழுதி வச்சிருக்கீயளா?”

“எதைங்க?”

“எந்தக் குப்பி, எத்தன மணி நேரம், எத்தன டிகிரி. எந்தத் தேதியோட நிறுத்துனீய. கெடங்குல இருந்தவர்லா, எழுதாம இருந்திருக்க மாட்டீய.”

பையிலிருந்து இந்த வருட நோட்டையும், வீட்டுக்குப் போய்ப் போன வருட நோட்டையும் எடுத்துவந்து கொடுத்தேன். ஜூன் இருபத்தைந்தோடு டிகிரி நின்றுபோனதைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தில் காகிதம் செருகினார்.

“செத்த கிருமி எந்திரிக்காது. ஆனா அதோட மரபணு அப்படியே கெடக்கும். மீதி இருந்த நீரெல்லாம் உறைய வச்சிருக்கேன், இருநூத்துப் பன்னெண்டும். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாத்துருவோம்” என்றார். முகத்தில் கோபம் இருந்தது. கோபத்தோடேயே கை வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நோட்டில் டிகிரி மட்டுமா எழுதியிருக்கிறேன்?

ஆகஸ்ட் 21, வியாழன்

நோட்டு இன்னும் வரவில்லை. மெமோ வந்துவிட்டது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். மறுக்க ஒன்றுமில்லை.

மரபணுச் சோதனை முடிவும் வந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டில் ஐந்து. ஸ்லைடில் தெரிந்த நான்கு, தெரியாத ஒன்று. ஐந்தில் நான்கு ஊசிக்குள் அடங்காத வகை. மீதி ஒன்று அடங்குகிற வகை, ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஊசியே போடவில்லை. ஜூலையில் தட்டில் வளர்ந்த இரண்டும் அடங்காத வகைதான்.

ஆக, இருபத்திரண்டில் தொடங்கி பன்னிரண்டு, ஒன்பது, ஏழு, ஐந்து. பூஜ்யமல்ல. ஏறவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் இறங்கிக்கொண்டே வருகிறது, அவசரமில்லாமல். ஊசி தோற்கவே இல்லை. பதினேழு வருடம் நான் காத்தது வீண் இல்லை.

கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கூட்டம். நாற்பது பேர். மேடம் வருட எண்களின் வரைபடத்தைத் திரையில் போட்டு விளக்கினார். போன வருட எண் ஏன் மாறியது என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

“குப்பிகள் குளிரில் வைக்கப்பட்டிருந்தன. எங்கள் திட்டத்தின் பிழை” என்றார் மேடம்.

“யாருடைய பிழை?”

மேடம், “ஆய்வகம் கவனித்திருக்க வேண்டும்” என்று ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன். கடைசி வரிசை நாற்காலி சத்தம் போட்டது.

“நானுங்க. அர்த்தநாரி. பயிற்சிக்குப் போகாம கையெழுத்துப் போட்டனுங்க. தடுப்பூசிய எப்படிப் பாத்தனோ அப்படியே குப்பியையும் பாத்துட்டனுங்க. தெரிஞ்ச பொறகும் அஞ்சு வாரம் சொல்லலீங்க.”

“ஏன் சொல்லல?” என்றார் தலைவர்.

“பூஜ்யம்னு சொன்னப்ப எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சனுங்க. அதப் பொய்யின்னு சொல்றதுக்குத் தைரியம் வரலீங்க.”

 அவர் தமக்கு முன்னாலிருந்த பழைய அறிக்கையை இழுத்து, சட்டைப் பையிலிருந்த பேனாவால் பூஜ்யத்தை அடித்து, பக்கத்தில் ஐந்து என்று எழுதினார். “ஜீரோ எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதனாலதான் நானும் கேள்வி கேக்கல” என்றார். அந்த வார்த்தையை அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல அவருக்கும் தைரியம் வேண்டியிருந்திருக்கும்.

மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த படத்துக்குப் போனார்.

ஆகஸ்ட் 30, சனி

பச்சைக் குல்லாப் பிள்ளையின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். நர்ஸும் கூட வந்தாள். படத்தைக் கையில் கொண்டுபோய், எண்கள் எப்படி இறங்கியிருக்கின்றன என்று காட்டினேன். என் தப்பையும் சொன்னேன். அந்தப் பெண் படத்தைவிட என்னைத்தான் அதிக நேரம் பார்த்தது. “நீங்களே உங்க தப்பச் சொல்றதுனால நம்பறனுங்க” என்றது. பிள்ளை ஊசிக்கு ஊரே கேட்கிற மாதிரி அழுதது.

செப்டம்பர் 3, புதன்

அறிக்கை அச்சாகி வந்தது. மேடம் ஒரு பிரதி எனக்கும் கொடுத்து, கூடவே நோட்டுகளையும் திருப்பிக் கொடுத்தார். இத்தனை நாள் காலண்டர் தாளில் எழுதியதை ஒட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

அறிக்கையின் பின்னிணைப்பில் என் நோட்டுப் பக்கங்கள் நகலெடுத்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எந்தக் குப்பி எவ்வளவு நேரம் குளிரில் இருந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம். என் கிறுக்கல் நாற்பது பேர் கையில். பஸ்ஸில் பிரித்தேன். அங்கங்கே வெள்ளைத்தாள் வைத்துச் சில வரிகளை மறைத்து நகலெடுத்திருந்தார். ஒருவேளை என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். சட்டைப் பைக்காரனை நான் நக்கல் செய்தது அப்படியே இருக்கிறது. ஒரு குறையும் இல்லை என்று பீற்றிக்கொண்டது இருக்கிறது. படிக்காமல் போட்ட கையெழுத்து, எழுத ஒன்றுமில்லை என்று எழுதியது, தெய்வானையிடம் சொன்ன பொய், ஒன்றையும் தொடவில்லை. காபியைப் பற்றி எழுதியதும் இருக்கிறது. வெள்ளைத்தாள் வைத்த இடங்கள் பன்னிரண்டு. பன்னிரண்டும் நான் அவரைப் புகழ்ந்து எழுதிய இடங்கள்.

போன் செய்து கேட்டேன். “ஏனுங் மேடம், அத மட்டும் எதுக்குங்க மறைச்சீங்க?”

“அது டேட்டா இல்லைலா அண்ணாச்சி” என்று சிரித்தார். நான் உண்மையைச் சொன்ன பிறகு இன்றுதான் என்னிடம் சிரிக்கிறார். நாளைக்கு இரண்டு குப்பி இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

 அந்த இரண்டு நோட்டிலும் நான் தப்பில்லாமல் எழுதியது அந்தப் பன்னிரண்டு இடம்தான்.